சடையன் இருமவில்லை

அன்புள்ள மகனுக்கு,

எழுபதுகளின் கடைசியில், ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சேலத்தில் நம் வீட்டுச் சமையலறை வாசலில், காட்டில் இனி யாரும் இருமக் கூடாது என்று தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். பதினொரு வயதான நீ தரையில் படுத்துக்கொண்டு, பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து உன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நடுநிலை வகித்ததாகக் கொள்ளப்பட்டாய். உன் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். தும்மல் குறித்துத் தனியாக ஆலோசிக்கப்பட்டு, அது மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதால் விலக்கு அளிக்கப்பட்டது. மறுநாள் ஏற்காடு பஸ்ஸுக்கு மூட்டை கட்டியபோது உன் அம்மா புளிசாதத்துக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் ஒரு பாட்டில் இருமல் மருந்தையும் வைத்தாள். தீர்மானத்துக்குக் கிடைத்த முதல் ஆதரவு அது என்று நினைத்தேன்.

உன் கடிதம் போன மாதம் வந்தது. தை மாதம் கல்யாணம். அது முடிந்ததும் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு சேர்வராயன் மலையில் மூன்று நாள் கூடாரம் போட்டு நடக்க வேண்டும், நாம் தங்கிய அதே பாறையில் தங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன் செம்மநத்தம் போய், அன்று நமக்கு வழி காட்டிய சடையனைப் பார்க்க வேண்டுமாம். "நீங்களும் வாங்கப்பா. அவர்கிட்ட சொல்ல வேண்டியதை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம்" என்று முடித்திருக்கிறாய். பதினேழு வருடங்களில் அந்த விஷயத்தைப் பற்றி நீ எனக்கு எழுதிய முதல் வரி அது. அதிலும் 'நாம' என்று பெருந்தன்மையாகப் போட்டிருக்கிறாய். ஆசிரியர் வேலை பார்த்தவன் என்பதால் திருத்துகிறேன். நான்.

இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை நான் ஒரு வாரப் பத்திரிகையில், படத்தோடு, ஊரறிய எழுதினேன். பொய்யை அச்சிலும் உண்மையைத் தபாலிலும் அனுப்புவது நியாயமாகப் படவில்லை. எனவே இதையும் அச்சுக்கே கொடுக்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் அப்போது கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். காட்டைப் பற்றி எனக்கிருந்த அறிவு முழுவதும் நூலகத்தின் இரண்டாவது மாடியில் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலும் இமயத்தின் அடிவாரத்திலும் பெரிய பெரிய பூங்காக்களில் விலங்குகளைப் பார்த்துத் திரிந்தவர்கள் எழுதிய ஆங்கிலப் புத்தகங்கள். எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள்: காட்டில் மௌனமே கண். அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அதே சமயம் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர், 'மலையில் மூன்று நாள்' என்று ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார். கல்லூரியில் என்.சி.சி. கூடாரம் ஒன்றை இரவல் வாங்கினேன். அதற்கு முந்தைய நாலைந்து வருடத்து மழைகளின் வாசனை அதிலேயே இருந்தது.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாயிடம் வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டேன். அவர்தான் சடையனைக் காட்டினார். செம்மநத்தத்துக்காரர். கொஞ்சம் சாமை, கொஞ்சம் காப்பி, நாலு பலாமரம். கோடையில் வனத்துறைக்குத் தினக்கூலியாகத் தீக்காவல். நாலு கோடையாக அந்த வேலை பார்த்துவிட்டார். அடுத்த வருடம் சிலரை நிரந்தர வாட்சராக எடுக்கப்போகிறார்கள், தன் பெயரும் அதில் இருக்கிறது என்று பஸ் நிலையத்திலிருந்து ஊருக்கு நடப்பதற்குள் மூன்று முறை சொன்னார். காக்கிச் சட்டைக்குத் துணி எங்கே வாங்கினால் சாயம் போகாது என்று என்னிடம் கேட்டார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரைச் 'சடையா' என்றும் 'நீ' என்றும் கூப்பிட்டேன். அவர் என்னைச் சார் என்றார். உன்னைக் கண்ணு என்றார்.

கோடை மழை விழுந்து தீக்காவல் முடிந்திருந்தது. ஊருக்கு மேலே பாறையில் கூடாரம் அடித்தோம். இரண்டு நாள் நடந்தோம். காட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும் என்று சடையன் சொன்னார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றேன், சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் நாம் பார்த்த வனவிலங்குகளின் பட்டியல் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது: ஒரு கீரி, ஒரு காட்டுக்கோழியின் பின்பகுதி, எஸ்டேட்டைச் சேர்ந்த ஒரு கழுதை. காட்டெருமை இருந்ததற்கு ஆதாரமாகச் சாணி. கரடி இருந்ததற்கு ஆதாரமாக, பலாக்கொட்டைகளோடு கூடிய வேறொரு சாணி. நீ சாணியையே குச்சியால் கிளறி ஆனந்தப்பட்டாய். என்னால் முடியவில்லை. சாணியைப் பற்றி வாரப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் எழுத முடியாது.

இரண்டாம் நாள் மாலை காரணத்தைக் கண்டுபிடித்தேன். சடையன் இருமினார். சளி எதுவும் இல்லை. வழி எங்கே திரும்புகிறதோ, உண்ணிச்செடி எங்கே ஆள் உயரத்துக்கு மண்டியிருக்கிறதோ, அங்கே நின்று தொண்டையைச் செருமி, பலமாக இரண்டு முறை இருமி, கொடுவாளின் பிடியால் மரத்தில் ஒரு தட்டு தட்டி, பிறகு நடந்தார். மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். எதிரே விறகோடு வந்த பெண்கள்கூட இருமிக்கொண்டே வந்தார்கள். ஒரு மலை முழுக்கக் காசநோய் என்று நினைக்கும்படி இருந்தது.

"சடையா, இப்படி இருமினா மிருகமெல்லாம் ஓடிப்போயிடாதா?" என்றேன்.

"அதுக்குத்தானுங்க சார் இருமறது."

"நாம பாக்க வந்திருக்கோம்."

"பாக்கறதுக்குங்களா? கரடியையா?" அவர் உன்னைப் பார்த்தார், இந்த ஆள் எப்போதும் இப்படித்தானா என்பதுபோல. "ஏனுங்க சார், அது புத்துல மூஞ்சிய உட்டுக் கரையான உறிஞ்ச ஆரம்பிச்சா அதுக்கு ஒலகமே தெரியாதுங்க. நாம பாட்டுக்குப் பக்கத்துல போயி நின்னமுன்னா பயந்துபோயி அடிச்சுப்போடும். தூரத்துலயே இருமுனா, 'அட, ஆளு வருது'ன்னு எந்திரிச்சுப் போயிரும். அதுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதைங்க."

"அது நம்மளப் பாத்து இருமாதா மாமா?" என்று நீ கேட்டாய்.

"அதுக்கு எதுக்குக் கண்ணு இருமலு? அது வந்தா நாத்தமே நாலு மரத்துக்கு முன்னால வந்துருமில்ல."

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நான் நம் வீட்டுத் தீர்மானத்தை அவருக்கு விளக்கினேன். வெளிநாட்டில் எப்படி நடக்கிறார்கள், எத்தனை வருட ஆராய்ச்சி, என்ன என்ன புத்தகம் எல்லாம் சொன்னேன். அவர் அடுப்பில் குச்சியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "சார் படிச்சவரு. சொன்னாச் செரியாத்தான் இருக்குமுங்க" என்றார். உன் கல்யாணத்துக்கு என்று என்னிடம் அறிவுரை ஏதாவது இருக்குமானால் அது இதுதான்: உனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்த ஒருவர், நீ படித்தவன் என்பதற்காக வாயை மூடிக்கொண்டால், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடு. உன் மனைவி பாத்திரம் துலக்கும்போது பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதே. இரண்டும் ஒரே தவறு. இரண்டையும் நான் ஒரே வாரத்தில் செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கரடியூர்ப் பக்கம் இறங்கும் சரிவில் போனோம். சடையன் முன்னால், நீ நடுவில், நான் கடைசியில். அவர் நடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. என்னைத் திரும்பிப் பார்த்து இறக்கிக்கொண்டார். ஒரு மூங்கில் புதரைத் தாண்டியதும் சத்தம் கேட்டது. தம்ளரின் அடியில் மிச்சமிருக்கும் சர்பத்தை ஒரு ராட்சசக் குழந்தை உறிஞ்சுவதுபோல. சடையன் நின்றார். திரும்பினார். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இருமட்டுங்களா என்று கண்ணால் கேட்டார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். அதோடு நிற்கவில்லை, அதே விரலால் முன்னே போகும்படி காட்டினேன். நீ என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாய். இவ்வளவையும் பார்த்த சாட்சி உலகத்தில் நீ ஒருவன்தான்.

அதற்கப்புறம் நடந்ததைப் பத்திரிகையில் முக்கால் பக்கத்துக்கு எழுதினேன். நடந்தது இவ்வளவுதான். பத்து அடி வைத்தோம். புற்றுக்குப் பின்னாலிருந்து அது எழுந்தது. சடையன் உன்னைத் தூக்கிப் புதருக்குள் எறிந்தார். கரடி அவருடைய முகத்தைப் பிடித்தது. நான் ஓடினேன். 'உதவி தேடி விரைந்தேன்' என்று கட்டுரையில் இருக்கிறது. உதவி இருந்த திசை வேறு.

நான் நின்றது உன் சத்தம் கேட்டு. திரும்பி வந்து பார்த்தபோது நீ புளிசாதம் கொண்டுவந்த அலுமினியத் தூக்கைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தபடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாய். கரடி போயிருந்தது. தூக்கு தட்டையாகியிருந்தது. பதினொரு வயதில் நீ ஒரு மனிதரைக் காப்பாற்றினாய். இதுவும் கட்டுரையில் வரவில்லை. கட்டுரையில் நீயே வரவில்லை. குழந்தையைக் காட்டுக்குள் அழைத்துப்போனதை வாசகர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று உன்னை நீக்கிவிட்டேன்.

ஊர்க்காரர்கள் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கிச் சடையனைச் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். எஸ்டேட் ஜீப் ஒன்று கிடைத்தது. அடிவாரம் வந்து சேர்வதற்குள் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். "பையனுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" இடது கண் போயிற்று. தாடை கோணிக்கொண்டது. பிழைத்தார்.

மறுநாள் மாலை ஏற்காட்டில், வன அலுவலகத்தில் விசாரணை. ரேஞ்சர் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், உனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போனது என்ன குற்றம், கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாக்குமூலம் என் வாயிலிருந்து இலக்கணச் சுத்தமாக வந்தது. நாங்கள் ஊர்ப் பொதுவழியில் நடந்துகொண்டிருந்தோம். சடையன் தற்செயலாகக் கூட வந்தார். தூரத்தில் கரடி தெரிந்தது. அவர் இருமினார்.

"இருமுனாரா? இருமுனதுக்கா அடிச்சுது?" என்றார் ரேஞ்சர்.

"திரும்பத் திரும்ப இருமினார். மரத்திலும் தட்டினார். வேண்டாமென்று சொன்னேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு உன் பக்கம் குனிந்தார். "தம்பி, நீ சொல்லு சாமி. அவரு இருமுனாரா?"

உன் கை என் கைக்குள் இருந்தது. நான் அதை அழுத்தினேன். கொஞ்சம்தான். யாரும் பார்த்திருக்க முடியாது. நீ ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தபடி "ஆமா" என்றாய்.

'விலங்கைச் சத்தமிட்டு மிரளச் செய்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடம் நிரந்தர வாட்சர் பட்டியல் வந்தபோது அதில் சடையன் பெயர் இல்லை. விலங்கைச் சீண்டியவரை விலங்குக்குக் காவல் போட முடியாது. விதி சரியான விதிதான். அதில் நான் குறை காணவில்லை. நீ அந்த ஆரஞ்சுப் பழத்தைச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் கீழே வரும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டாய். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

கட்டுரை வந்தது. உன் அம்மாவிடம் கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தாள். மடித்து என் மேஜையில் வைத்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. பேனாவ மூடி வைங்க, மை காயுது" என்றாள். என் எழுத்துக்கு அவள் சொன்ன கடைசி விமர்சனம் அது. அதற்கப்புறம் நான் எழுதிய எதையும் அவள் படிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. வருடா வருடம் மே மாதம் பிறந்தால் மட்டும், "ஏனுங்க, ஒருக்கா போயிட்டு வந்துருங்களே" என்பாள். எங்கே என்று நான் கேட்டதில்லை. நாலு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சொன்னாள். அது அவளுடைய கடைசி மே மாதம்.

போகவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். கட்டுரை வந்த நாலாவது மாதம், ஒரு கருத்தரங்குக்காக ஏற்காடு போனேன். காதர் பாய் கடையில் சணல் கயிற்றில் பத்திரிகைகள் தொங்கின. பாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க புரொபசர் சார். உங்க கதைய ஊரே படிச்சுருச்சு. எல்லாரையும் நல்லா எழுதியிருக்கீங்க. கரடிக்குத்தான் நொம்ப நல்ல பேரு வந்திருக்குது."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைக்குள் அரிசி மூட்டை மேல் சடையன் உட்கார்ந்திருந்தார். துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. பாய்தான் படித்துக் காட்டியிருக்கிறார், இரண்டு முறை.

"ஏனுங்க சார், நான் இருமுனதாப் போட்டிருக்குதாமே." வாய் கோணியிருந்ததால் சொற்கள் ஒரு பக்கமாக வந்தன. கோபமில்லை. விவரம் கேட்கிற குரல். "நான் இருமலீங்களே. நீங்கதான் வேண்டாம்னீங்க. இருமியிருந்தா அது போயிருக்குமுங்களே."

பதில் சொல்லியிருக்கலாம். கடையில் பாயைத் தவிர யாரும் இல்லை. 'ஆமாம் சடையா' என்ற இரண்டு சொல் போதும். நான் பத்து வருடம் மேடையில் பேசிப் பழகிய குரலில், கனிவாகச் சொன்னேன்: "அப்படிப்பட்ட நேரத்துல நம்ம வாய் நமக்குத் தெரியாமலே இருமிடும் சடையா. உனக்கு அடிபட்ட அதிர்ச்சி. ஞாபகம் இருக்காது."

அவர் யோசித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "இருக்குமுங்களா?" என்றார். பாய் தராசில் எதுவும் இல்லாமலே எடைக்கல்லை எடுத்து வைத்தார், எடுத்தார். ஒரு மனிதரிடமிருந்து கண்ணையும் வேலையையும் வாங்கிக்கொண்ட பிறகு, அவருக்கு மிச்சமிருந்த ஞாபகத்தையும் நான் வாங்கிக்கொண்டது அந்தக் கடையில்தான். கருத்தரங்கில் என் உரை நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

நீ அதற்குப் பிறகு என்னோடு எங்கும் நடக்க வரவில்லை. படித்தாய், பெங்களூருக்குப் போனாய், பண்டிகைக்கு வந்தாய், மரியாதையாக இருந்தாய். இருமல் வந்தால் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய் இருமிவிட்டு வந்தாய். பதினேழு வருடம். டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒருமுறை உன்னைக் கண்டித்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுவாரம் தனியாக மலைக்குப் போனேன். நீ வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அந்தப் பெண் முன்னால் தலைகுனிய எனக்குத் தைரியம் இல்லை. செம்மநத்தத்தில் சடையன் வீட்டு வாசலில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் துண்டைத் தேடி முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்குமாம்.

"வாங்க சார், வாங்க. ஏ பூவாயி, ஊட்டுக்குள்ள பாய் இருக்குது பாரு, எடுத்துப் போடு. பையன் நல்லா இருக்குதுங்களா? கண்ணாலமா! அட நம்ம கண்ணுக்கா!"

அவருடைய மனைவி பூவாயி பாயைப் போட்டுவிட்டு, கதவோரம் நின்றுகொண்டார். நான் உட்காரவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். முதல் தடவையாக அவரை 'நீங்க' என்றேன். "நீங்க இருமவே இல்லை. இருமட்டுமான்னு கேட்டீங்க. நான்தான் வேண்டாம்னேன். ரேஞ்சர்கிட்டயும் பொய் சொன்னேன், பத்திரிகையிலயும் பொய் எழுதினேன்."

சடையன் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "அட உடுங்க சார். என்ற மனசு நோகக் கூடாதுன்னு இம்புட்டுத் தூரம் வந்து சொல்றீங்க. நாந்தான் இருமிப்போட்டனுங்க. பொஸ்தகத்துலயே வந்திருக்குதே. உங்க பையனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? என்ற தப்புங்க சார்."

"இல்லை சடையன், கேளுங்க…"

"இப்ப எங்க ஊர்ல ஒருத்தரும் காட்டுல சத்தம் போடறதில்லீங்க. எல்லாத்துக்கும் நாந்தான் சொல்லி வெச்சிருக்கறேன். சின்னப்பசங்க இருமுனா வெளாருக் குச்சில ரெண்டு போட்டிருக்கறேன்." பெருமையோடு சொன்னார். பிறகு குரல் தணிந்தது. "அப்பவும் பாருங்க, போன வருசம் என்ற தம்பி மவன் கையக் கரடி புடிச்சுப்போடுச்சு. சத்தமே போடாமத்தான் போனானாம். அவன் நேரமுங்க."

மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று முறையும் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். கடைசியில் என் தோளில் கை வைத்து, வயசானா இப்படி மனசுல என்னென்னமோ தோணும், உடம்பப் பாத்துக்கங்க என்றார். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

என்னை நம்பியவர் பூவாயி மட்டும்தான். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

"தூக்கத்துல இருமல் வந்தாக்கூட எந்திரிச்சு வாயப் பொத்திக்கறாருங்க" என்றார். "பதினேழு வருசமா. நான் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கறேன்."

நான் தலையாட்டினேன்.

"எதுக்குங்க சார் அப்படி எழுதுனீங்க?"

பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வேறு பக்கம் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. காப்பிச் செடியும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும்தான். "பயம்" என்றேன்.

"கரடிக்கா?"

"இல்லைங்க."

அவர் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. "நீங்க வாயில சொன்னா இவரு நம்ப மாட்டாரு. எழுத்துல வந்ததத்தான் நம்புவாரு. எழுதிக் கெடுத்தவரு நீங்க, நீங்களே எழுதிக் குடுங்க. ஆபீசுலயும் எழுதிக் குடுங்க. முத்திரை போட்டு ஒரு காயிதம் வரட்டும், நான் பாய்கிட்டக் கொண்டுபோயி இவருக்குப் படிச்சுக் காட்டச் சொல்றேன்" என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட தெளிவான யோசனை அது. எந்தப் புத்தகத்திலும் அடிக்கோடு போடும்படி இதைவிட நன்றாக ஒரு வரி வந்ததில்லை.

ஆகவே எழுதிக் கொடுத்தேன். வன அலுவலகத்துக்கு நாலு பக்கம். இந்த முறை அழகு எதுவும் சேர்க்கவில்லை. நாங்கள் நடந்தது பொதுவழி அல்ல, காப்புக்காடு. அனுமதி வாங்கவில்லை. எங்களை அழைத்துச் சென்றவர் சடையன். அவர் இருமவில்லை, இரும அனுமதி கேட்டார், மறுத்தவன் நான். என் மகனுக்கு அப்போது வயது பதினொன்று. அவன் சொன்னது என் கை சொன்னது. உறுதிமொழியோடு கையெழுத்திட்டேன். இப்போதிருக்கும் அதிகாரி இளைஞர். முழுவதும் படித்தார். இத்தனை வருடம் கழித்து ஒருவர் தானாக வந்து உண்மையைச் சொல்வதைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். எழுந்து கை கொடுத்தார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். படி இறங்கும்போது எனக்கு மூச்சு கொஞ்சம் எளிதாக வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வெட்கக்கேடுதான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருந்தது, அதனால் கிழித்துவிட்டேன். உன் கையை நான் அழுத்தினேன் என்பதை மட்டும் நீ உன் மனைவியிடம் சொல். நீ சொன்ன பொய் உன்னுடையது அல்ல. பதினொரு வயதுக்காரன் அப்பாவின் கையைவிட எதை நம்புவான்? உனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் பதில் சொல்ல நிற்காதே. விட்டுவிட்டு நில். அது என்ன சொல்கிறதோ சொல்லட்டும். உனக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் மலைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. நான் வரவில்லை. நாம் தங்கிய அந்தப் பாறையில் போடாமல் ஊருக்குப் பக்கத்தில் கூடாரம் போடுங்கள். நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள். கட்டிய புதிதில் பேச விஷயம் இருக்கும். பிற்பாடு இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சடையனைப் பாருங்கள். அவர் உன்னைக் கண்ணு என்பார். தன் தப்பு என்று சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்பார். அதற்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அவர் எதிரே நின்றவன்தான், எனக்குத் தெரியவில்லை.

இதை முடித்து மடிக்கும் நேரத்தில் தபால்காரர் வந்தார். பூவாயி சொல்லி, காதர் பாய் எழுதிய கார்டு. அலுவலகத்திலிருந்து முத்திரை போட்ட காகிதம் வந்துவிட்டதாம். என்னுடைய புதிய வாக்குமூலத்தின் அடிப்படையில், அனுமதியின்றி வெளியாட்களைக் காப்புக்காட்டுக்குள் அழைத்துச் சென்றது குறித்து விளக்கம் அளிக்க, சடையன் வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் நேரில் ஆஜராக வேண்டும்.